அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் பிரையோசோவா: பெயரும் அளவும்



கிருஷ்ணன்கோவிலில் தொல்லுயிர்களைப் பற்றிப் பேசுவதற்கு நான் முதலில் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். இந்த ஊரைச் சுற்றியுள்ள கல்லில் தொல்லுயிர் கிடையாது. மேற்கே தெரியும் மலையும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அடியில் கிடக்கும் பாறையும் நைஸ், சார்னகைட் வகையைச் சேர்ந்தவை. பூமியின் ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறி வெளியே வந்தவை. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அதுவும் படிகமாகிப்போன கல்தான். அதில் ஓடு, கூடு என்று எதையும் தேடிப் பயனில்லை.

ஆனாலும் தொல்லுயிர் நிறைந்த ஒரு கல்லோடு ராஜபாளையத்துக்கு உறவு உண்டு. ராஜபாளையத்துப் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமென்ட்ஸ், இன்றைய ராம்கோ சிமென்ட்ஸ், ஆர்.ஆர். நகரில் முதல் ஆலையை வைத்தது. பின்னாளில் அரியலூர் மாவட்டத்தில் ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் ஆலைகள் அமைத்தது. அரியலூரைச் சுற்றி வேறு நிறுவனங்களின் சுரங்கங்களும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பிகளும் வேறு கடலுயிர்களும் சேர்ந்து படிந்தது. அந்தச் சிப்பிகளின் மேல் ஒட்டியும், அவற்றுக்கிடையே சிறு குச்சிகளாக ஒடிந்தும் கிடக்கிற ஓர் உயிரினம்தான் இன்றைய பொருள். சுரங்கத்துக்குப் போகிறவர்கள் பெரிய சிப்பியையும் அம்மோனைட்டையும் எடுத்து வருகிறார்கள். அந்தச் சிப்பியின் முதுகில் படர்ந்திருப்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் எதை அளக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

பிரையோசோவா என்பது கூட்டாக வாழும் விலங்கு. தூத்துக்குடியில் முத்துச்சிப்பியின் ஓட்டிலும், படகின் அடிப்பக்கத்திலும், துறைமுகத் தூண்களிலும் வெண்மையான வலைபோலப் படர்ந்திருப்பதில் ஒரு பகுதி இதுதான். ஒரு கூட்டுடலில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ சிற்றுயிர்கள் இருக்கும். ஆங்கில நூல்கள் அவற்றை ஜூயிட் என்கின்றன. நான் சிற்றுயிர் என்றும், அது கட்டிக்கொள்ளும் சுண்ணக் கூட்டை அறை என்றும் சொல்கிறேன். அறையின் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதன் வாய்த்துளை வழியே ஒரு வளையமாக உணர்கொம்புகள் வெளியே நீண்டு, கடல்நீரிலுள்ள நுண்ணுணவைச் சேர்க்கும். ஆபத்து என்றால் உள்ளிழுத்துக்கொள்ளும். ஓர் இளவுயிரி வந்து சிப்பியின் மேல் ஒட்டி முதல் அறையாகிறது. அதிலிருந்து மொட்டுவிட்டு அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று கூட்டுடல் பெருகும். ஆகவே ஒரு கூட்டுடலில் உள்ள அத்தனை சிற்றுயிர்களுக்கும் ஒரே மரபுப்பொருள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் அளவுக் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

இன்று உலகில் ஏறத்தாழ 6,000 இனங்கள் வாழ்கின்றன. தொல்லுயிர்களாக அறியப்பட்டவை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சுண்ணக் கூடு கட்டுவதால் கல்லில் நன்றாகத் தங்கிவிடுகின்றன. ஆர்டோவிசியன் காலத்திலிருந்து இன்றுவரை, ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு, தொடர்ச்சியான பதிவு இருக்கிறது. இதில் அரியலூருக்கு முக்கியமானவை இரண்டு வரிசைகள். குழாய்களாக அறை கட்டும் சைக்ளோஸ்டோம்கள் பழையவை. பெட்டிபோல அறை கட்டி, வாய்க்கு மூடி வைத்துக்கொண்ட கைலோஸ்டோம்கள் ஜுராசிக்கின் பிற்பகுதியில் தோன்றின. கிரிட்டேசியஸ் காலத்தின் நடுவிலிருந்து கைலோஸ்டோம்கள் மளமளவெனப் பெருகி, அதுவரை செல்வாக்கோடு இருந்த சைக்ளோஸ்டோம்களை எண்ணிக்கையில் முந்தின. அந்த மாற்றம் நடந்து முடியும் காலத்துக் கடல்தான் அரியலூரில் கல்லாகி நிற்கிறது. இந்தியா அப்போது தென் அரைக்கோளத்தில் ஆசியாவோடு சேராத தனி நிலமாக இருந்தது. இந்த மாற்றத்தைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி ஐரோப்பா, வட அமெரிக்கப் பாறைகளிலிருந்து வந்தது. அந்தக் கதை உலகம் முழுமைக்கும் பொருந்துமா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய சில இடங்களில் ஒன்று நம்முடையது. அரியலூரின் பிரையோசோவாவுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

இந்தப் பாறைகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்தவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். ஹெச். எஃப். பிளான்ஃபோர்டு திருச்சி, தென்னாற்காடு வட்டாரத்தை நிலவியல் வரைபடமாக்கி 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நாம் இன்றும் சொல்லும் பாறைப் பகுப்பு அவரிடமிருந்து வந்தது. அதே ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அவரிடம்தான் நாம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

மொராவியாவில் 1838இல் பிறந்தவர். அம்மோனைட்டுகளையும் நத்தைகளையும் பற்றி அவர் எழுதிய பெரிய நூல்களை எல்லாரும் அறிவார்கள். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அவர் பிரையோசோவா வல்லுநர் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் லாட்டோர்ஃப் என்ற இடத்துப் பிரையோசோவாக்களைப் பற்றி 1862இல் எழுதினார். ஆக்லாந்து அருகே ஒராக்கே விரிகுடாவிலிருந்து நோவாரா கப்பல் பயணத்தில் வந்த மாதிரிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1865இல் வந்தது. கல்கத்தாவில் இருந்தபோது போர்ட் கேனிங்கின் உவர்நீரில் வாழும் பிரையோசோவாவையும் ஆராய்ந்தார். அப்படி, உயிரோடு இருப்பதையும் கல்லாகிப் போனதையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய கண்தான் நம் அரியலூர் மாதிரிகளை முதன்முதலில் பார்த்தது. தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிர்களைப் பற்றிய அவருடைய வரிசையில் நான்காம் தொகுதி 1872–73இல் வெளிவந்தது. பிரையோசோவாவுக்கு அதில் தனிப்பகுதி உண்டு. அடுத்த ஆண்டே, 1874 ஜூனில், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் மலைப்பகுதியில் இறந்தார். வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

அதன்பின் மிக நீண்ட இடைவெளி. அரியலூர்க் குழுமப் பிரையோசோவாக்களை முழுமையாக எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டையும் சேர்த்து குஹாவும் நாதனும் எழுதிய தனிநூல் 1996இல்தான் வந்தது. ஸ்டோலிச்காவின் தொகுதிகள் வந்த அதே பாலியான்டாலஜியா இண்டிகா வரிசையில், அவருக்கு 120 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. பிறகு 2018இல் பால் டெய்லரும் எமானுவெலா டி மார்டினோவும் இங்கிருந்து ஒரு புதிய பேரினத்தை விவரித்தார்கள். சோனாரினா தமிலென்சிஸ் என்று பெயர். நம் மண்ணின் பெயர் ஓர் இனத்தின் பெயரில் ஏறியது எனக்குப் பெருமைதான். ஆனால் தெரிந்த பாறையிலிருந்து 2018இல் புதிய பேரினமே கிடைக்கிறது என்றால், பார்க்காமல் விட்டது எவ்வளவு என்பதையும் அந்தப் பெயர் சொல்கிறது.

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரும் கூட்டுடலின் வெளித்தோற்றத்தை வைத்துப் பேரினம் பிரித்தார்கள். தாள்போலப் படர்ந்தால் ஒன்று, இரண்டடுக்கு இலையாக நிமிர்ந்தால் இன்னொன்று, குச்சியாகக் கிளைத்தால் வேறொன்று. பார்வைக்கு எளிய முறை. ஆனால் உறவைக் காட்டாத முறை. அலை அடிக்கும் இடத்தில் ஒட்டிப் படர்வதும், அமைதியான நீரில் நிமிர்ந்து வளர்வதும் வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாகத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1860களில் ஸ்வீடனின் ஸ்மிட், கூட்டுடலை விட்டுவிட்டு அறையைப் பார்க்கச் சொன்னார். அவர் காட்டிய வழியில்தான் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறோம்.

கைலோஸ்டோமில் பார்க்க நிறைய இருக்கிறது. வாய்த்துளையின் வடிவம், முன்பக்கச் சுவர் எப்படி உருவானது, முட்கள் இருந்த அடையாளம், கருவைக் காக்கும் முட்டைக்கூடு. இவற்றோடு அவிகுலேரியம் என்ற மாற்றுருவச் சிற்றுயிர். அது உண்பதில்லை, அதன் மூடி பறவையின் அலகாக மாறியிருக்கும். சைக்ளோஸ்டோமில் இந்த வசதி இல்லை. குழாய்கள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். கருவைச் சுமக்கும் பெரிய அறை ஒன்று அங்கங்கே இருக்கும். அதன் வடிவமும் அதன் திறப்பும்தான் பேரினத்தைக் காட்டும் முதன்மை அடையாளங்கள். துரதிர்ஷ்டம் என்னவென்றால் பல மாதிரிகளில் அது இருப்பதில்லை. அப்படிப்பட்ட மாதிரிக்கு நேர்மையான பெயர் "சைக்ளோஸ்டோம், பேரினம் உறுதியில்லை" என்பதுதான். அட்டவணையில் ஒரு பெயர் கூடட்டும் என்பதற்காக இனப்பெயர் சூட்டுவதை நான் ஏற்பதில்லை. அந்தப் பெயர் பிறகு பன்மயக் கணக்கில் ஏறி, கைலோஸ்டோம் முந்தியதா சைக்ளோஸ்டோம் முந்தியதா என்ற கேள்விக்கே பொய்யான பதிலைத் தரும்.

இப்போது அளவு. ஒரு கைலோஸ்டோமில் வழக்கமாக அளப்பவை அறையின் நீளம், அகலம், வாய்த்துளையின் நீளம், அகலம், முட்டைக்கூடு, அவிகுலேரியம். கேட்க எளிது. ஆனால் எந்த அறையை அளப்பது?

முதல் அறையைச் சுற்றியுள்ள அறைகளை அளக்கக் கூடாது. கூட்டுடல் தொடங்கும்போது முதல் அறை சிறியது. அடுத்த தலைமுறை சற்றுப் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. சில தலைமுறை கழித்துத்தான் அளவு நிலைப்படும். நிலைப்பட்ட பகுதியில் மட்டும் அளக்க வேண்டும். குட்டியான கூட்டுடல் ஒன்றை அளந்துவிட்டு அது சிறிய இனம் என்று சொல்லும் பிழை இங்கேதான் வருகிறது. அடுத்தது வயது. பழைய அறைகளின் மேல் சுண்ணம் கனத்துக்கொண்டே போகும். வாய்த்துளை குறுகும், சுவர்களுக்கிடையிலான கோடு மறையும். ஒரே கூட்டுடலின் விளிம்பையும் நடுவையும் பார்த்தால் இரண்டு இனம் என்று தோன்றும். மூன்றாவதாக, வரிசை இரண்டாகப் பிரியும் இடத்தில் அறைகள் நெருக்கத்தால் வடிவம் மாறும். அவிகுலேரியத்தை ஒட்டிய அறையும் அப்படியே. இவற்றை விலக்க வேண்டும். சாதாரண அறைதான் வேண்டும், வினோதமான அறை அல்ல. நம் கண் வினோதத்தையே தேடிப் போகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிப்பியின் வளைந்த முதுகில் படர்ந்ததைப் படமெடுத்து அளக்கும்போது ஒரு வடிவியல் சிக்கல் உண்டு. பரப்பு 20 பாகை சாய்ந்திருந்தால், சாய்வின் திசையில் நீளம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவாகத் தெரியும். கோசைன் மதிப்பைப் பார்த்தால் போதும். சில நெருங்கிய இனங்களுக்கிடையிலான வேறுபாடே அந்த அளவுதான் இருக்கும். எனவே மாதிரியை மேடையில் சாய்த்து, அளக்கும் பகுதி கேமராவுக்கு நேராக வருமாறு வைக்க வேண்டும். ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இதைத் தானாகச் செய்துவிடாது.

அடுத்ததுதான் என் பேச்சின் நடுப்பகுதி. ஒரே மரபுப்பொருள் என்றேன் அல்லவா? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இரண்டு கூட்டுடல்கள் இருக்கின்றன. ஒன்றில் 100 அறைகளை அளந்தால் சராசரி நீளம் 0.52 மி.மீ.; இன்னொன்றில் 100 அறைகளின் சராசரி 0.58. இரண்டிலும் திட்ட விலக்கம் 0.04. இந்த 200 எண்களையும் கணினியில் கொடுத்து இரு சராசரிகளும் வேறா என்று கேளுங்கள். ஐயமே இல்லாமல் வேறு என்று சொல்லும். சோதனை மதிப்பு 10ஐத் தாண்டும். உடனே இரண்டு இனம் என்று எழுதலாமா? கூடாது. நீங்கள் 200 விலங்குகளை அளக்கவில்லை. மரபுப்படி இரண்டே இரண்டு விலங்குகளை, ஒவ்வொன்றையும் 100 முறை அளந்திருக்கிறீர்கள். கணினி சொன்னது இந்தக் கூட்டுடல் அந்தக் கூட்டுடல் அல்ல என்பதை மட்டுமே. இன வேறுபாட்டைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஒரே இனத்தின் இரு கூட்டுடல்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு வரும் என்று தெரிந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அதற்குக் கூட்டுடல்களின் எண்ணிக்கை வேண்டும். ஒரு கூட்டுடலில் 200 அறை என்பதைவிடப் பத்துக் கூட்டுடலில் தலா 20 அறை என்பது பன்மடங்கு மேலானது. வேறுபாட்டை இரண்டாகப் பிரித்துச் சொல்லவும் வேண்டும்: கூட்டுடலுக்குள் எவ்வளவு, கூட்டுடல்களுக்கிடையே எவ்வளவு. மற்ற பெரும்பாலான தொல்லுயிர்களில் இப்படிப் பிரிக்கவே வழியில்லை. ஒரு சிப்பி ஒரு விலங்கு. அதன் வடிவத்தில் எவ்வளவு மரபு, எவ்வளவு சூழல் என்று கல்லைக் கேட்க முடியாது. பிரையோசோவாவிடம் கேட்கலாம். கூட்டுடலுக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கு மரபு காரணமாக இருக்க முடியாதே!

சரி, கூட்டை அளந்து பிரித்த இனம் உண்மையான இனம்தானா? இந்தக் கேள்விக்குத் தொல்லுயிரியலில் கிடைத்த மிகச் சிறந்த பதில்களில் ஒன்று பிரையோசோவாவிலிருந்து வந்தது. ஜெரமி ஜாக்சனும் ஆலன் சீத்தமும் கரீபியன் கடலில் வாழும் மூன்று பேரினங்களை எடுத்துக்கொண்டார்கள். முதலில் கூட்டின் அளவுகளை மட்டும் வைத்து இனம் பிரித்தார்கள். பிறகு பல தாய்க் கூட்டுடல்களின் குஞ்சுகளை ஒரே இடத்தில் ஒரே சூழலில் வளர்த்தார்கள். அவை தாயின் இனத்தோடே சேர்ந்தன. புரதங்களைப் பிரித்துப் பார்த்த மரபியல் சோதனையும் அதே எல்லைகளைக் காட்டியது. 1990இல் வெளிவந்த இந்த ஆய்வை அறிவியல் மாணவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சீத்தம் அதற்கு முன்பே, 1986இல், டொமினிக்கன் குடியரசின் பாறைகளில் மெட்ராராப்டோட்டோஸ் என்ற பேரினத்தை 46 பண்புகள் கொண்டு அளந்து, இனங்கள் பல பத்து இலட்சம் ஆண்டுகள் மாறாமல் இருந்து பிறகு விரைவாகப் பிரிவதைக் காட்டியிருந்தார். பரிணாமத்தின் வேகம் பற்றிய பெரிய விவாதத்தில் அந்த மில்லிமீட்டர்ப் பெட்டிகளின் சாட்சிக்கு எடை அதிகம்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு உடனே புரியக்கூடிய இன்னொரு அளவு முறை உண்டு. இமயமலைப் பக்கத்துப் பழைய பாறைகளில், காஷ்மீரின் லிடர் பள்ளத்தாக்கில் ஃபெனெஸ்டெல்லா ஷேல் என்றே பெயர் பெற்ற பாறை இருக்கிறது. ஃபெனெஸ்டெல்லா என்ற அந்தப் பிரையோசோவா சன்னமான வலையாக வளர்ந்தது. நீளவாக்கில் கிளைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கம்பிகள், இடையில் சாளரங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் ஓர் அங்குலத்துக்குப் பாவில் இத்தனை நூல், ஊடையில் இத்தனை நூல் என்று எண்ணித் துணியின் தரத்தைச் சொல்வதுபோல, இதற்கும் எண்ணிக்கைதான் இலக்கணம். 10 மி.மீ. அகலத்தில் எத்தனை கிளை, 10 மி.மீ. நீளத்தில் எத்தனை சாளரம், 5 மி.மீ. நீளத்தில் எத்தனை வாய்த்துளை, எத்தனை முடிச்சு. இந்த நான்கு எண்களையும் வரிசையாக எழுதினால் இனத்தின் சூத்திரம். ஆனால் சூத்திரம் மட்டும் போதாது. அறையின் உள்வடிவத்தைக் கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்துத்தான் பார்க்க முடியும். எண்ணிக்கை ஒத்துப்போய் உள்ளறை வேறாக இருந்தால் அது வேறு இனம்.

அளவு இனத்தைத் தாண்டியும் பேசும். பொதுவாகக் குளிர்ந்த நீரில் அறை பெரிதாகவும், வெதுவெதுப்பான நீரில் சிறிதாகவும் மொட்டுவிடுகிறது. ஆண்டு முழுவதும் வளரும் கூட்டுடல், குளிரும் வெயிலும் மாறும்போது அறையின் அளவையும் மாற்றிக்கொண்டே போகும். கூட்டுடலுக்குள் அறைப்பரப்பு எவ்வளவு மாறுகிறதோ அதிலிருந்து அந்தக் கடலின் ஆண்டு வெப்பநிலை ஏற்ற இறக்கத்தைக் கணிக்கலாம் என்று ஆரோன் ஓடியாவும் பெத் ஒகமுராவும் 2000இல் ஒரு முறையை வகுத்தார்கள். இனம் பிரிப்பவருக்குத் தொல்லையாக இருந்த வேறுபாடு கடலின் பருவத்தைப் பதிந்து வைத்த ஏடாகிறது. அரியலூர்ப் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் முழுமையாகத் தேறும் கூட்டுடல்களை இப்படி அளந்தால், டைனோசர் காலத்தின் இறுதிப்பகுதியில் நம் கீழைக்கடலில் குளிரும் வெப்பமும் எவ்வளவு மாறின என்று கேட்கலாம். தேறும் மாதிரிகளைத் தேர்வதில்தான் கண்டிப்பு வேண்டும். கூடு மறுபடிகமாகி விளிம்பு மங்கியிருந்தால், அங்கே நாம் அளப்பது பழைய கடலை அல்ல, பின்னால் ஊறிய நிலத்தடி நீரின் வேலையை.

இங்கே கணினியும் படச்செயலாக்கமும் படிக்கும் மாணவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அறைகளின் எல்லையைக் கையால் ஒவ்வொன்றாக வரைவதுதான் இந்தத் துறையின் வேகத்தை இத்தனை காலம் கட்டிப்போட்டது. 2023இல் டி மார்டினோ, லியோ, போர்ட்டோ முதலியோர் டீப்பிரையோ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். மின்னணு நுண்ணோக்கிப் படத்தைக் கொடுத்தால், அறை, வாய்த்துளை, முட்டைக்கூடு, அவிகுலேரியம் ஆகியவற்றை அது அடையாளம் கண்டு பரப்பையும் நீள அகலங்களையும் தரும். அரியலூர் மாதிரிகள் தேய்ந்தவை, அறைக்குள் மண்ணும் கால்சைட்டும் அடைத்தவை. அவற்றுக்கு அது எவ்வளவு துல்லியமாக வேலை செய்யும், எங்கே தவறும், தவறும் இடத்தில் எப்படித் திருத்துவது என்பது இந்த வளாகத்தில் உட்கார்ந்தே செய்யக்கூடிய நல்ல ஆய்வு. அதற்குத் தொல்லுயிர் கிடைக்கும் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மென்பொருள் தரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முதல் தலைமுறை அறைகளையும் பிரியும் இடத்து அறைகளையும் மனிதர் ஒருவர் நீக்க வேண்டும். கூட்டுடல் எண்ணை ஒவ்வோர் அளவோடும் எழுத வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு இலட்சம் எண்களைச் சேர்த்தாலும் அது நான் முன்பு சொன்ன 200 எண்களின் கதைதான்.

மாதிரி எங்கிருந்து வரும் என்ற கேள்வி மிச்சம். சுரங்கத்தில் சிமென்டுக்காக வெட்டும் கல் போய்க்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்கச் சொல்ல நான் வரவில்லை. அந்த வெட்டு இல்லையென்றால் உள்படுகைகளை நாம் பார்த்திருக்கவும் முடியாது. செய்ய வேண்டியது, அனுமதி பெற்று, வெட்டுமுகம் புதிதாக இருக்கும்போது போய், எந்தப் படுகையிலிருந்து என்று குறித்து எடுப்பது. கழிவுக் குவியலில் பொறுக்கிய சிப்பி அழகாக இருக்கலாம். அது எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாததால் இனம் காண உதவும், காலவரிசைக்கு உதவாது. சிப்பியை உடைத்துப் பிரையோசோவாவை மட்டும் பெயர்க்கக் கூடாது. எந்தச் சிப்பியில், எந்தப் பக்கத்தில் ஒட்டியது என்பதும் தகவல்தான்: உட்புறத்தில் ஒட்டியிருந்தால் சிப்பி இறந்து திறந்த பிறகுதான் அது குடியேறியிருக்க முடியும். தூரிகையும் தண்ணீரும் போதுமானவரை அமிலத்தைத் தொட வேண்டாம். கூடும் சுண்ணம், சுற்றியுள்ள கல்லும் சுண்ணம்.

புதிய இனம் என்று எழுதத் துணிவதற்கு முன் கல்கத்தாவில் உள்ள ஸ்டோலிச்காவின் மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அவர் காலத்துக் கல்லச்சுப் படங்கள் அருமையானவை. ஆனால் வாய்த்துளையின் விளிம்பில் உள்ள ஒரு சிறு பல்லைக் காட்டுமளவுக்கு அல்ல. அந்த மூல மாதிரிகள் அனைத்தையும் இன்றைய நுண்ணோக்கியில் படமெடுத்து, அளவோடு யாரும் பார்க்கும்படி வைப்பது நாம் முதலில் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. நம் மாணவர்கள் எடுப்பவற்றையும் அலமாரியில் பூட்டி வைக்காமல், எண்ணிட்டு, அரியலூர் வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் உங்கள் அளவைச் சரிபார்க்க விரும்பினால், அதே கூட்டுடலின் அதே அறையை அவர் மீண்டும் அளந்து பார்க்க வழி இருக்க வேண்டும்.